காஜா பேராங் தபால் அலமாரி

அன்று காலை அப்பாசாமியின் மளிகைக்கடையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தானும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் காஜா பேராங் தெருவில் ஏராளம்.

கல்லாவில் அப்பாசாமி. அவருக்குப் பின்னால், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்ற அவருடைய மருமகள் பாக்கியலட்சுமி. அரிசி மூட்டையின் மேல் ஜவுளிக்கடை ஷம்சுதீன். வாசல் தூணில் சாய்ந்தபடி தேவதாஸ் வாத்தியார். கடைக்கு நடுவில், கடையே தன்னுடையது என்பதுபோலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மருதமுத்து. மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர், அப்பாசாமிக்குச் சித்தப்பா மகன். இவர்கள் போக, அப்பாசாமி வரவழைத்திருந்த இரண்டு பேர்: ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு காப்பிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்த தம்பிராஜா, அவருடைய உதவியாளர் சிஹாபுதீன். வேறு ஆள் இல்லை. பாக்கியலட்சுமியின் கணவன் ஜெயபாலன்கூட லாரியை ஓட்டிக்கொண்டு போன வாரமே ஜொகூர் பக்கம் போயிருந்தான்.

"இன்னிக்குச் சாயங்காலம் கோயில்ல கூட்டம்," என்றார் மருதமுத்து. "அதுக்குள்ள தபாலாபீஸ் பெட்டிச் சாவி என் கைக்கு வந்துரணும். அலமாரியும் என் கடைக்கு வந்துரணும். அண்ணனுக்கு அவமானம் வேணாம்னுதான் மொதல்ல இங்க வந்து சொல்றேன்."

"தரமாட்டேன்," என்றாள் பாக்கியலட்சுமி.

"பொம்பள பேசாத."

"சாவி என் இடுப்புல இருக்கு, சின்ன மாமா. அப்ப நான்தான் பேசணும். இன்னும் கொஞ்ச நாள்ல நாடே தன் சாவிய வெள்ளைக்காரன் கையிலேருந்து வாங்கப் போவுது. இந்த மாசம் பாத்து என்னைச் சாவியக் குடுக்கச் சொல்றீங்களா?"

அது ஐம்பத்தேழாம் வருஷத்து ஆடி மாதம். தெருமுனையில் மெர்டேக்கா என்னும் சுதந்திர நாள் வளைவுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அடேயப்பா!" என்றார் சிஹாபுதீன். நாற்பதைத் தாண்டியவர், அவர் வருவதற்குச் சற்று முன்னால் அவர் வயிறு வந்துவிடும். "அக்காவ மேடையில ஏத்திவிட்டா நாம ஏழெட்டு வருஷம் முன்னாடியே சுதந்திரம் வாங்கியிருக்கலாம்."

தம்பிராஜா சிரிக்கவில்லை. கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மலாய், தமிழ், இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் பொய் கேட்டுக் கேட்டு, உண்மை பேசுபவரைக்கூட ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

"என்ன நடந்ததுன்னு ஒரே ஒருத்தர் சொல்லுங்க," என்றார். "வாத்தியார் சொல்லட்டும். பள்ளிக்கூடத்துல சுருக்கமாச் சொல்லச் சொல்லிக் குடுக்கறவர்."

தேவதாஸ் சொன்னார். காஜா பேராங்கின் சந்துகளில் வீட்டு எண்களை நம்பித் தபால் போட்டால் அது எங்கே போய்ச் சேரும் என்பது யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் அப்பாசாமி, கடையின் பெயரில் டவுன் தபாலாபீஸில் ஒரு பெட்டி எடுத்திருந்தார். தெருவாசிகள் பலருடைய கடிதங்களும் அந்தப் பெட்டிக்குத்தான் வந்தன. பாக்கியலட்சுமி தினமும் சைக்கிளில் போய் எடுத்துவந்து கடை முன்னால் உள்ள அலமாரியில் பிரித்துப் போடுவாள். முன்பு அது திறந்த அலமாரி. தெருவில் கடித விஷயங்கள் கசியத் தொடங்கியதும் பாக்கியலட்சுமிதான் யோசனை சொல்லி, வீட்டுக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு என்று வைத்தாள். கதவில் கடிதம் நுழையும் அளவுக்கு ஒரு வாய். சாவி அந்தந்த வீட்டாரிடம் மட்டும்.

"அதுக்கப்புறமும் நிக்கல," என்றார் தேவதாஸ். "சிரம்பான்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். வாங்கன்னு பதில் வந்துச்சு. நான் படிக்கறதுக்கு முன்னாடியே எங்க மேனேஜருக்குத் தெரிஞ்சிருக்கு. என்னைக் கூப்பிட்டுத் திட்டிக் கிழிச்சுட்டாரு."

"என் மவ சுல்தானாவுக்கு நாகூர்லேருந்து ஒரு சம்பந்தம்," என்றார் ஷம்சுதீன். "பொண்ணு என்ன நிறம்னு கேட்டு எழுதியிருந்தாங்க. நான் கடுதாசியப் பிரிக்கறேன், பாசார்ல மீன்காரன், 'பாய், பொண்ணு நிறத்த என்னன்னு எழுதப் போறீங்க?'ன்னு கேக்கறான். என் வீட்டுப் பொண்ணோட நிறம் மீன்கடையில பேச்சு! நான் இந்தம்மாவச் சொல்லல. ஆனா வயிறு எரியுது."

"பூட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி எல்லாக் கடுதாசியும் ஒருத்தி கையிலதானே இருக்கு?" என்றார் மருதமுத்து. "நான் பேர் சொல்லல. பேர் சொல்லவும் வேணாம்."

அப்பாசாமி முதல் முறையாக வாய் திறந்தார். "மருது. எங்க வீட்டுல அப்பன் கடுதாசிய மவன் பிரிக்கறதில்ல. புருஷன் கடுதாசியப் பொண்டாட்டி பிரிக்கறதில்ல. நம்ம தாத்தா காலத்துலேருந்து இதான் வழக்கம். நீயும் அதே வீட்டுப் புள்ளதான்."

"வழக்கத்த நானும் மதிக்கறேன். என் கடுதாசிங்க எங்க போச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"உங்க கடுதாசியுமா காணோம்?" என்று தம்பிராஜா அக்கறையோடு கேட்டார்.

"ஊர்லேருந்து எனக்கு ஒரு வரி வந்து மாசக்கணக்காச்சு சார். அங்க யார் இருக்கா, யார் போனான்னு ஒன்னும் தெரியல. என்னோடத அமுக்கிட்டாங்கன்னுதான் நான் சொல்றேன்."

"வேற வழியா? தந்தி, ஆள் மூலமா?"

"ஒன்னும் இல்ல. எல்லார் முன்னாடியும் சொல்றேன், எழுதி வச்சுக்குங்க."

"எழுத வேணாம். ஞாபகம் இருக்கும்," என்றார் தம்பிராஜா. "சாயங்காலம் வரைக்கும் அலமாரிச் சாவிங்க எல்லாம் என்கிட்ட இருக்கட்டும்."

வாத்தியார், ஷம்சுதீன், மருதமுத்து மூவரும் தங்கள் சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மற்ற வீட்டுச் சாவிகளைச் சிஹாபுதீன் நடந்தே போய்ச் சேகரித்து வந்தார். வந்தவர், எல்லாவற்றையும் ஒரே சணல் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்தச் சாவி யாருதுன்னு அடையாளம் வச்சீங்களா?" என்று பாக்கியலட்சுமி கேட்டாள்.

சிஹாபுதீன் கயிற்றைப் பார்த்தார். கயிறு அவரைப் பார்த்தது.

"அல்லாவுக்குத் தெரியும்," என்றார்.

"அறிவாளி," என்றார் தம்பிராஜா. "ஒவ்வொன்னாப் போட்டுப் பாத்துப் பிரி."

முணுமுணுத்துக்கொண்டே சிஹாபுதீன் ஒரு சாவியை எடுத்து வாத்தியாரின் பூட்டில் நுழைத்தார். திறந்தது. "பாத்தீங்களா, மொதச் சாவியே! கை ராசி." அந்தப் பெருமையில் அதே சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, விளையாட்டாகப் பக்கத்து அறைப் பூட்டில் நுழைத்தார். அதுவும் திறந்தது. அதற்கடுத்த பூட்டும் திறந்தது. அவருடைய சிரிப்பு நின்றது.

"சார், ஒன்னு என் கைக்கு எங்கயோ மச்சம் இருக்கு. இல்ல, இந்தப் பூட்டெல்லாம் ஒரே தாய் வயித்துப் புள்ளைங்க."

பாக்கியலட்சுமி சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். வரிசையாக ஒவ்வொரு கதவிலும் நுழைத்துத் திருகினாள். எல்லாக் கதவும் அவளைப் பார்த்து வாய் பிளந்தது. இத்தனை நாளும் தான் கட்டிய கோட்டை என்று நினைத்துக்கொண்டிருந்த அந்த அலமாரி, வெறும் மரச்சட்டமாக அவள் முன்னால் நின்றது. முகம் சூடேறியது, ஆனால் தலை குனியவில்லை.

"பூட்டு வாங்கினது நான்தான்," என்றாள். "இரும்புக்கடை மொதலாளி தவுக்கே ஒரு டஜன் பெட்டியோட எடுத்துக் குடுத்தான். ஒரே பெட்டியில வந்த பூட்டுக்கு ஒரே சாவின்னு எனக்குத் தோணல. தப்பு என்னுது. அத நானே கூட்டத்துல சொல்றேன்."

"சொன்னா, வேணும்னுதான் அப்படி வாங்கினான்னு உங்க சின்ன மாமா திருப்புவாரு," என்றார் தம்பிராஜா.

"திருப்பட்டும். செஞ்ச தப்ப ஒத்துக்காம செய்யாத தப்ப எப்படி மறுக்கறது?"

தம்பிராஜா அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்புறம் அவர் அவளைச் சந்தேகிக்கவே இல்லை என்று சிஹாபுதீன் பின்னால் சொன்னதுண்டு.

"நல்லது," என்றார். "இதுவரைக்கும் ஒரே ஒரு கைதான் கடுதாசியத் தொட முடியும்னு எல்லாரும் நம்பினாங்க. இப்ப சாவி வச்சிருக்கற ஒவ்வொரு கையும் தொட முடியும். அலமாரி இருக்கறது கடைக்கு வெளிய, அஞ்சடி நடைபாதையில. மத்தியானம் கடை சாத்தியிருக்கற நேரத்துல யார் வந்து நின்னாலும் தன் கதவத் தொறக்கறான்னுதான் தெரு நெனைக்கும். பக்கத்துக் கதவு யாருதுன்னு எவன் பாக்கப் போறான்?"

"அப்ப பாதித் தெருவே சந்தேகக் கேஸ்," என்றார் சிஹாபுதீன். "ஒவ்வொருத்தரையா விசாரிச்சா அடுத்த மெர்டேக்கா வந்துரும் சார். நான் ஒரு வழி சொல்றேன். நாமளே ஒரு கடுதாசி போடுவோம். 'இன்னார் மௌத்தாப் போய்ட்டாரு'ன்னு. எவன் மூஞ்சி மாறுதோ அவன்தான்."

"உயிரோட இருக்கறவங்களச் சாகடிச்சுக் கண்டுபிடிக்கற தொழில் நமக்கு வேணாம்," என்றார் தம்பிராஜா. சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆனா நீ சொன்னதுல பாதி சரி, சிஹாபு."

"எந்தப் பாதி?"

"கோயிலுக்குப் போவோம்."

*

கோயில் நடந்துபோகும் தூரம்தான். பாக்கியலட்சுமியும் கூட வந்தாள். ஆடித் திருவிழாவுக்குப் போன வெள்ளிக்கிழமை காப்புக் கட்டியாகிவிட்டது. வாசலில் வேப்பிலைத் தோரணம் வாடத் தொடங்கியிருந்தது. உள்ளே பூசாரி பண்டாரம் விளக்குத் திரி முறுக்கிக்கொண்டிருந்தார். சிஹாபுதீன் செருப்போடு வெளியிலேயே, தகரக் கொட்டகை நிழலில் நின்றுகொண்டார்.

"பண்டாரம், வெள்ளிக்கிழமை காப்பு எல்லாம் முறையா நடந்துச்சா?" என்று தம்பிராஜா கேட்டார்.

"அமோகமா நடந்துச்சுங்க. இந்தம்மா பொங்கல் பானை எடுத்து வந்து உள்ள வச்சாங்க. மொதக் காப்ப இவங்க மாமனாரு வாங்கினாரு."

"மொதக் காப்பு கமிட்டித் தலைவருக்குத்தானே?"

பண்டாரம் முகம் மலர்ந்தது. "அதான் அதிசயம்! வருஷா வருஷம் மொத மரியாதைக்கு மருதமுத்து அண்ணன் என்ன பாடு படுத்துவாரு! இந்தத் தடவ அவரே, 'அண்ணன் வாங்கட்டும், நான் அடுத்த வருஷம் வாங்கிக்கறேன்'னு விட்டுக் குடுத்துட்டாரு. வாசப்படிக்கு வெளியவே நின்னு எல்லாத்தையும் நடத்திக் குடுத்தாரு. பெரிய மனசு."

"விபூதி வாங்கினாரா?"

"கூட்டமுங்க. நான் தட்ட நீட்டினேன், அவரு கைய இழுத்துக்கிட்டாரு. வயித்துக்கோளாறாம், மேலுக்குச் சுத்தமில்லன்னாரு."

பாக்கியலட்சுமிக்கு அந்தக் காட்சி ஞாபகம் வந்தது. சின்ன மாமா சாக்கடை ஓரத்தில் நின்று, கை நீட்டி, 'மேளத்த முன்னால விடு, பானைய உள்ள அனுப்பு' என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். வம்பு பண்ணாமல் இருக்கிறாரே என்று அன்றைக்கு அவள் அம்மனுக்கு நன்றிகூடச் சொன்னாள்.

வெளியே வந்ததும் தம்பிராஜா அவளிடம் கேட்டார்: "அலமாரியில இப்ப பிரிக்காத கடுதாசி ஏதாவது இருக்கா அம்மா?"

"அவருக்கு வந்தது ஒன்னு இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு. ஊர்லேருந்து நீலக் கடுதாசி. காப்புக்கு முந்தின நாள் வந்துச்சு. அவரு திரும்பி வந்துதான் பிரிப்பாரு."

"யார் எழுதினது?"

"முதுகுல பேரு இருக்கு. ஊர்ல அவரோட பங்காளித் தம்பி ஒருத்தரு. அவங்க ரெண்டு பேரும் எப்பவும் எழுதிக்குவாங்க."

சிஹாபுதீன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அக்கா, அதப் பிரிச்சா கேஸ் முடிஞ்சுரும்னு சார் மூஞ்சி சொல்லுது. ஒரு கெண்டித் தண்ணியச் சுட வைங்க, ஆவியில காட்டினா உரிச்ச வாழப்பழம் மாதிரி வந்துரும்."

"வராது."

"ஏன் வராது? பசைதானே?"

"பசை வரும். நான் வரமாட்டேன்." அவள் குரல் உயரவில்லை, ஆனால் தெருவில் ட்ரைஷா மிதித்துப் போனவன் திரும்பிப் பார்த்தான். "அடுத்தவங்க கடுதாசியப் பிரிச்சேன்னுதானே என் மேல பழி? அந்தப் பழியிலேருந்து தப்பிக்க என் புருஷன் கடுதாசியப் பிரிக்கணுமா? சாவி போனாலும் போவட்டும். மாட்டேன்."

"பிரிக்கச் சொல்லி நானும் கேக்கல," என்றார் தம்பிராஜா. "ஜெயபாலன் எப்ப வர்றாரு?"

"சாயங்காலம் பொழுது சாயறதுக்குள்ள வந்துருவாரு."

"அப்ப அந்தக் கடுதாசி அப்படியே கூட்டத்துக்கு வரட்டும். ஆனா உங்க கையில வேணாம். ஷம்சுதீன் பாய் கையில இருக்கட்டும். பாய் கொட்டகையிலயே உக்காரட்டும், படி ஏற வேணாம்."

"ஏன் சார்?"

"பொதுவான ஆளு பாருங்க," என்றார் தம்பிராஜா. பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் வேறெதையோ விழுங்கிவிட்டுச் சொன்னதுபோல அவளுக்குப் பட்டது.

*

வெயில் தாழ்ந்ததும் தகரக் கொட்டகை நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அப்பாசாமி, மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு. மருதமுத்து கோயில் பக்கம் முதுகைக் காட்டி, கொட்டகை விளிம்பில் நாற்காலி போட்டிருந்தார். ஷம்சுதீன் மடியில், எல்லோரும் பார்க்கும்படி அந்த நீலக் கடிதம்.

பாக்கியலட்சுமி எழுந்து பூட்டு விஷயத்தை ஒளிக்காமல் சொன்னாள். தம்பிராஜா சொன்னபடியே நடந்தது.

"கேட்டுக்கிட்டீங்களா? ஒரே சாவிப் பூட்ட வாங்கிப் போட்டு ஊர ஏமாத்தியிருக்கா!" என்றார் மருதமுத்து.

"நான் மறைச்சிருந்தா அது ஏமாத்து. இப்ப நீங்க உக்காந்து கேக்கறது நான் சொன்னது, சின்ன மாமா. நீங்க கண்டுபிடிச்சது இல்ல."

கூட்டத்தில் சிரிப்பு. தம்பிராஜா கையைத் தூக்கினார்.

"பேச்சு வளர்த்தா ராத்திரி ஆயிரும். பழைய வழக்கம் ஒன்னு இருக்கு. சாவி கேக்கறவரும் தரமாட்டேங்கறவங்களும் உள்ள போயி, சூடத்த அணைச்சு, 'அடுத்தவங்க கடுதாசிய நான் தொறக்கல'ன்னு அம்மன் முன்னாடி சொல்லட்டும். சொன்னவங்க பேச்ச ஊர் ஏத்துக்கும். சரிதானே?"

"சரி!" என்றது கொட்டகை.

பாக்கியலட்சுமி யாரும் கூப்பிடக் காத்திருக்கவில்லை. காலைக் கழுவிக்கொண்டு படியேறினாள். பண்டாரம் தட்டில் சூடம் ஏற்றி நீட்டினார். "அடுத்தவங்க கடுதாசி ஒன்னக்கூட நான் தொறக்கல, தாயே," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி, உள்ளங்கையால் சுடரை அமர்த்தி அணைத்தாள். விபூதி இட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். கை எரிந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"அடுத்து தலைவர்," என்றார் தம்பிராஜா.

மருதமுத்து எழுந்தார். படிவரை நடந்தார். முதல் படியில் கால் வைக்கப்போனவர் நின்றுவிட்டார். கழுத்தில் வியர்வை இறங்கியது.

"எனக்கு... உடம்பு சரியில்ல. வயித்துக்கோளாறு."

"அப்படியா?" என்றார் சிஹாபுதீன். "இப்பதான் எதிர்க்கடையில மூணு ரொட்டி, பருப்புக் கொழம்போட உள்ள போச்சு. நான் பக்கத்து மேசை. வயிறு கோளாறுன்னா எனக்கு மட்டும் ஏன் அந்த மாதிரி ஒரு கோளாறு வரமாட்டேங்குது?"

"நான் கமிட்டித் தலைவர்! என்னைச் சத்தியம் பண்ணச் சொல்ல நீ யாருய்யா?"

"ஊர் சொல்லுது," என்றார் தேவதாஸ்.

"சத்தியம் பண்ணலன்னா குத்தவாளியா? எந்தச் சட்டத்துல இருக்கு?"

கூட்டம் குழம்பியது. அவர் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகச் சிலர் தலையாட்டினார்கள். அப்போது தெருவில் லாரி நின்ற சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் புழுதியோடு ஜெயபாலன் உள்ளே வந்தான். தகப்பனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன நடக்குது இங்க?"

"ஒரு நிமிஷம் தம்பி," என்று அவனை நிறுத்திவிட்டு, தம்பிராஜா மருதமுத்துவைத் திரும்பிப் பார்த்தார். "ஊர்லேருந்து உங்களுக்குச் சேதி எதுவும் வரலன்னு காலையில சொன்னீங்க. இப்பவும் அதானே?"

"ஆமா. எத்தன தடவ சொல்றது?"

"ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?"

மருதமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சௌக்கியமாத்தான் இருப்பாங்க."

"ஜெயபாலன், உங்க கடுதாசி பாய்கிட்ட இருக்கு. வாங்கிப் பிரிங்க."

ஜெயபாலன் பிரித்தான். வாசித்தான். அவன் முகம் மாறியது. தகப்பனாரின் அருகில் போய் மண்டியிட்டான்.

"அப்பா... ஊர்ல சின்னத் தாத்தா போய்ட்டாராம். தந்தி குடுத்தா நீங்க பதறுவீங்கன்னு எனக்கு எழுதியிருக்கான். பக்குவமா எடுத்துச் சொல்லச் சொல்லி."

அப்பாசாமி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அது சித்தப்பா. மருதமுத்துவுக்கு அது பெரியப்பா. தகப்பன் சீக்கிரமே போனபின் தூக்கி வளர்த்தவர்.

கொட்டகையில் சிலர் எழுந்து நின்றார்கள். தம்பிராஜா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பாசாமி ஐயாவுக்கு இப்பத்தான் தெரியும். அவர் வீட்டுக்கும் இப்பத்தான் தெரியும். அதனாலதான் வெள்ளிக்கிழமை அந்த வீட்டுப் பானை உள்ள போச்சு, அந்த வீட்டுக் கை காப்பு வாங்குச்சு. கடுதாசிய அந்தம்மா முன்னாடியே பிரிச்சிருந்தா அன்னிக்குக் கோயில் பக்கமே வந்திருக்க மாட்டாங்க. பங்காளித் தீட்டு. ஆனா அதே தீட்டுள்ள இன்னொருத்தர் அன்னிக்குப் படி ஏறல. இத்தனை வருஷம் சண்ட போட்டு வாங்கின மொத மரியாதைய விட்டுக் குடுத்தாரு. விபூதிக்குக் கை நீட்டல. ஊரெல்லாம் பெரிய மனசுன்னு சொல்லுச்சு. சேதி எதுவும் வரலன்னா, மருதமுத்து, நீங்க யாருக்காகத் தீட்டுக் காத்தீங்க?"

மருதமுத்து படியிலிருந்து ஓரடி பின்வாங்கினார்.

"எல்லார் வீட்டு விஷயமும் உங்களுக்குத்தான் முந்தித் தெரியும்னு தெரு உங்கள மதிச்சுச்சு. அலமாரி உங்க கடைக்கே வந்துட்டா இன்னும் மதிக்கும். அதுக்காக உங்க சாவியாலயே மத்தவங்க கதவத் தொறந்து, ஊர் கடுதாசியெல்லாம் ஆவியில பிரிச்சுப் படிச்சு மறுபடி ஒட்டி வச்சீங்க, ஜெயபாலன் கடுதாசியும் அப்படித்தான். ஆனா அம்மன ஏமாத்த மட்டும் உங்களுக்கு மனசு வரல."

"எனக்குப் புரியல சார்," என்று சிஹாபுதீன் மெல்லிய குரலில் கேட்டார். "இத்தன பேரையும் ஏச்சவரு ஒரு வாசப்படிக்கா பயந்தாரு?"

"அது பயம் இல்ல சிஹாபு. வளர்ப்பு."

அப்போதுதான் மருதமுத்து உட்கார்ந்தார். நாற்காலியில் அல்ல, வெறுந்தரையில். "பெரியப்பா!" என்று அவர் வாயிலிருந்து வந்த சத்தம், இத்தனை நாளும் பூட்டி வைத்திருந்த சத்தம். "எனக்குத் தெரிஞ்சும் குளிக்க முடியல. அழ முடியல. எவன்கிட்டயும் சொல்ல முடியல..."

பாக்கியலட்சுமி அவரைப் பார்க்கவில்லை. அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சூடக் கரி இன்னும் ஒட்டியிருந்தது. திடீரென்று தம்பிராஜாவின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே என்னைத் தீட்டோட உள்ள அனுப்பினீங்களா? சாமி விஷயத்துல என்னை வச்சா விளையாடினீங்க?"

"எனக்குத் தெரியாது அம்மா. ஊகம்தான் பண்ணினேன். ஊகத்த உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க படி ஏறியிருக்க மாட்டீங்க. சொல்லாததுக்கு நீங்க திட்டினா வாங்கிக்கறேன். ஆனா தீட்டுச் சேதி படி ஏறக் கூடாதுன்னுதான் கடுதாசியப் பாய்கிட்ட குடுத்து வெளியவே வச்சேன்."

அவள் பண்டாரத்தைப் பார்த்தாள்.

"காதுல விழுந்த நேரத்துலேருந்துதான் தீட்டு, தாயி," என்றார் பண்டாரம். "உன் சூடமும் நிக்கும். மாமனார் காப்பும் நிக்கும். சேதிக்கு முன்னாடி கட்டினது."

"அவுக்கச் சொன்னாலும் அவுத்திருக்க மாட்டேன்," என்றார் அப்பாசாமி. கண் கலங்கியிருந்தது, முதுகு வளையவில்லை. எழுந்து, தரையில் கிடந்த தம்பியின் முன்னால் போய் நின்றார். "எழுந்திரு மருது. அழறதுன்னா நம்ம வீட்டுக்கு வந்து அழு. நம்ம வீட்டு ஆம்பளைங்க நடுத்தெருவுல ஊர் பாக்க அழறதில்ல. நீ செஞ்சதுக்கு ஊர் என்ன சொல்லுதோ அதக் கேட்டுக்க. துக்கத்துக்கு மட்டும் வீட்டுக்கு வா."

மருதமுத்து எழுந்தார். கமிட்டித் தலைமை அன்றே போயிற்று. அதை யாரும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவரே விலகுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஷம்சுதீன் பாக்கியலட்சுமியிடம் வந்தார். "மன்னிச்சுக்கம்மா. வயித்தெரிச்சல்ல நானும் ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டுட்டேன்."

"பரவால்ல பாய். ஆனா இனிமே பூட்ட அவங்கவங்களே வாங்கிக்கணும். ஒரு பூட்டு வாங்கின கடையில இன்னொருத்தர் வாங்கக் கூடாது. எல்லாச் சாவியையும் எல்லாக் கதவுலயும் போட்டுப் பாத்துட்டுத்தான் நான் கடுதாசி போடுவேன்."

"தவுக்கேக்கு வியாபாரம் போச்சு," என்றார் சிஹாபுதீன்.

அப்பாசாமி வீட்டில் துக்கம் இருந்த நாட்களில் தபால் அலமாரி பூட்டிக் கிடந்ததென்றும், தீட்டு வீட்டுக் கையால் கடிதம் வாங்க மாட்டோம் என்று தெரு சொல்லிவிட்டதென்றும், கடற்கரையில் உள்ள உஜோங் பாசிர் வரைக்கும் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். மறுநாள் காலை பாக்கியலட்சுமி சைக்கிளில் தபாலாபீஸுக்குப் போனாள். கடிதங்களை எடுத்து வந்தாள். தெரு வந்து வாங்கிக்கொண்டது.